பதினேழு பெட் இருக்கு... ரூம் சர்வீஸ் கிடையாது!

உங்க ஹாஸ்டல் கட்டில் எப்படி? எங்களுது இரும்புக் கட்டில். நான் புரண்டு படுத்தா பக்கத்து ரூம்காரன் எழுந்து உட்கார்ந்துடுவான், அவ்வளவு சத்தம். மூணு வருஷமா அதுலயே குடித்தனம் நடத்துற என்னைக் கூப்பிட்டு, "வெள்ளைக்காரன் காலத்து விடுதி ஏதாவது ஒண்ணுல ஒரு ராத்திரி தங்கிட்டு வந்து எழுதுப்பா, ரூம் வாடகை நாங்க தர்றோம்"னு பத்திரிகை ஆபீஸ்ல சொன்னா எப்படி இருக்கும்? நான் கேட்ட ஒரே கேள்வி: "ரூம்ல ரெண்டு பேர் படுக்கலாமா சார்?"

அப்படித்தான் நம்ம ரூம்மேட் கூட வந்தான். அவனும் சிவில்தான், மூணாம் வருஷம்தான். சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் பக்கம். "எங்க ஊர்ப் பக்கம் போவோம் மாப்ள, சித்தன்னவாசல்ல ஏதாவது பழைய பங்களா இருக்கும்"னு ஐடியா கொடுத்ததே அவன்தான். நெட்ல தேடிப் பார்த்துட்டுப் போயிருக்கலாம். ஆனா இன்ஜினீயரிங் பசங்க என்னிக்கு ஸைட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி பிளானைப் பார்த்திருக்கோம்?

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, அங்கிருந்து அன்னவாசல் போற பஸ். சுமார் 16 கிலோமீட்டர். சித்தன்னவாசல் ஸ்டாப்பில் இறங்கினா வெயில் மண்டையைப் பிளக்குது. ஒரு நீளமான மொட்டைப் பாறை, அடிவாரத்துல பூங்கா, கொஞ்சம் பனை மரம், டீக்கடை. பங்களா? ம்ஹூம்.

வாசல்ல இருந்த பெரியவர்கிட்ட, "அண்ணே, இங்க பழைய காலத்து விடுதி ஏதாச்சும் இருக்கா, தங்குற மாதிரி?"ன்னு கேட்டோம். எங்களை மேலயும் கீழயும் பார்த்தார். "தங்கணும்னா புதுக்கோட்டைக்குத்தான் தம்பி போகணும். ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா இங்கயே படுக்கை ரெடியா இருந்திருக்கும்"னு பாறை உச்சியைக் கை காட்டினார்.

சும்மா கலாய்க்கிறார்னு நினைச்சோம். மேல போனப்புறம்தான் தெரிஞ்சுது, நிஜமாவே படுக்கை இருக்கு!

சித்தன்னவாசல்னா எல்லாரும் ஓவியத்தைத்தான் சொல்வாங்க. அறிவர் கோயில் கூரையில இருக்கிற தாமரைக்குளம், தூண்ல ஆடுற பெண்கள்... ஸ்கூல் புக்ல பார்த்திருப்பீங்க. புதுக்கோட்டை வரலாற்று ஆசிரியர் எஸ்.ராதாகிருஷ்ண ஐயர் 1916-ல வந்த தன் புத்தகத்தில் இந்த ஓவியங்களைப் பத்தி எழுத, அப்புறம் கோபிநாத ராவும் பிரெஞ்சுக்காரர் ழூவோ துப்ராயும் உலகத்துக்கே தெரிய வச்சாங்க. அதைக் கட்டாயம் பாருங்க. ஆனா நம்ம அசைன்மென்ட் ஓவியம் இல்லையே, படுக்கை! அதனால நேரா ஏழடிப்பட்டம்.

பாறையில ஏறி மறுபக்கம், அதாவது கிழக்குப் பக்கம் இறங்கணும். கம்பி பிடிச்சுக்கிட்டு, பாறை விளிம்பை ஒட்டியே நடந்து போகணும். கீழ பார்த்தா வயிறு கலங்கும். ஏறி வர்றதுக்காகப் பாறையில ஏழு குழி வெட்டியிருக்காங்க, அதனால ஏழடிப்பட்டம்னு பேர். அதைத் தாண்டினா இயற்கையா அமைஞ்ச ஒரு குகை. உள்ள வரிசையா 17 கல் படுக்கை. வழுவழுன்னு செதுக்கி, தலை வைக்கிற பக்கம் மேடு விட்டு... ஆமா பாஸ், கல்லுலயே தலையணை! சமண முனிவர்கள் தங்கின இடம். ஓரிடத்துல நிலையா தங்கக் கூடாதுங்கிறது அவங்க விரதம். மழைக்காலம் நாலு மாசம் மட்டும்தான் ஒரே இடத்துல இருப்பாங்க. அப்போ இது வீடு இல்லை, சத்தியமா விடுதிதான்.

சமணர் தங்குற இடத்துக்கும் படுக்கைக்கும் தமிழ்ல 'பள்ளி'ன்னுதான் பேர். அதுலேருந்துதான் பள்ளிக்கூடம் வந்ததுன்னு தமிழறிஞர்கள் சொல்றாங்க. இனிமே கிளாஸ்ல தூங்கி மாட்டினா, "சார், சொல்லோட வேரைத் தேடிக்கிட்டு இருந்தேன்"னு சொல்லிப் பாருங்க. ரிசல்ட்டுக்கு நான் பொறுப்பில்லை.

இருக்கிறதுலயே பெரிய படுக்கையில் தமிழ் பிராமி எழுத்துல ஒரு கல்வெட்டு இருக்கு. கிறிஸ்து பிறக்கறதுக்கு ஒரு நூற்றாண்டோ அதுக்கும் முன்னாடியோ வெட்டினதுன்னு சொல்றாங்க. விஷயம் சிம்பிள். எருமி நாட்டுக் குமிழூர்ல பிறந்த ஈதேன்ங்கிற துறவிக்காக, இளையர்ங்கிறவர் செஞ்சு கொடுத்த இருக்கை இது. எருமி நாடுன்னா மைசூர்ப் பக்கம்னு ஆராய்ச்சியாளர்கள் கருத்து. யோசிச்சுப் பாருங்க, எங்கயோ கர்நாடகத்துலேருந்து நடந்து வந்த ஒரு ஆள், அவருக்கு இந்த ஊர்க்காரங்க போட்டுக் கொடுத்த கட்டில். ரெண்டு பேர் பேரும் அதுலயே இருக்கு.

ரூம்மேட் கல்வெட்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தான். "படுத்தவன் பேரு மட்டும் இல்லடா. கட்டில் செஞ்சு குடுத்தவன் பேரும் போட்டிருக்காங்க பாரு"ன்னான். ஏன் அதைத் திரும்பத் திரும்பச் சொல்றான்னு எனக்கு அப்போ புரியலை. ராத்திரிதான் புரிஞ்சுது.

தங்கலாமான்னா, முடியாது. தொல்லியல் துறைப் பாதுகாப்புல இருக்கிற இடம். சாயங்காலம் இறங்கியே ஆகணும். உட்கார்ந்த இடத்துலேருந்தே நாலு போன் போட்டதுல, கடியாபட்டியில ஒரு பழைய செட்டிநாட்டு வீடு விடுதியா இருக்கு, ரூம் காலின்னு தகவல் கிடைச்சுது. திருமயம் பக்கம், அதாவது ரூம்மேட் ஊர்லேருந்து கூப்பிடு தூரம். "அந்த வீடா!"ன்னான். ஏன்டான்னு கேட்டா பதில் இல்லை.

ராத்திரி மணி பன்னிரண்டு... சாப்பாடு ரெடி!

பஸ்ல போற ரெண்டு மணி நேரத்துல, உங்களுக்கு நான் படிச்ச ஒரு மேட்டரைச் சொல்லிடறேன். திருச்சியில சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தெரியும்ல? தினம் நாலு தடவை அங்க பஸ் மாறுறோம். சத்திரம்னா என்னன்னு என்னிக்காவது யோசிச்சோமா? ஒட்டன்சத்திரம், சுங்குவார்சத்திரம், மதுரை ஜங்ஷன் எதிர்ல மங்கம்மா சத்திரம்... தமிழ்நாட்டு மேப்பை விரிச்சா சத்திரமா கொட்டும். நடந்தே காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போன காலத்துல, கால் ஓயுற தூரத்துக்கு ஒரு சத்திரம்.

தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்கள் ராமேஸ்வரம் போற வழி நெடுக சத்திரம் கட்டினாங்க. இப்போ புதுக்கோட்டை மாவட்டத்துல இருக்கிற மீமிசல், மணமேல்குடியிலகூட இருந்தது. அதுல பெரிய தலைக்கட்டு, ஒரத்தநாட்டுல இருக்கிற முத்தம்பாள் சத்திரம். ரெண்டாம் சரபோஜி 1802-ல கட்டினது. முத்தம்பாள் அவரோட பிரியத்துக்குரியவங்க. சாகறப்போ, 'என் பேர்ல ஒரு சத்திரம் கட்டுங்க'ன்னு கேட்டாங்கன்னு கதை சொல்றாங்க. (நம்ம ஆளுங்க பிரேக்-அப் ஆனா டீக்கடைல உட்கார்ந்து பாட்டு கேட்கிறதோட சரி.) கட்டடத்தோட முகப்பை யானையும் குதிரையும் இழுக்கிற தேர் மாதிரி செதுக்கியிருக்காங்க.

கட்டடத்தை விட சூப்பர், ஒரு லெட்டர். 1799-ல தஞ்சாவூர் நிர்வாகம் முழுக்க கம்பெனி கைக்குப் போயிடுச்சு. சத்திரத்துக்கு எழுதி வச்ச நிலத்தையும் தூக்கிடுவாங்களோன்னு பயந்து, 1801-ல சரபோஜி அப்போ ரெசிடென்ட்டா இருந்த பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதறார். சத்திரத்துல என்னென்ன நடக்குதுன்னு அதுல வரிசையா சொல்றார் பாருங்க, நான் படிச்சுட்டு எங்க மெஸ் கமிட்டிக்கு அனுப்பிடலாமான்னு நினைச்சேன்.

பிராமணர்லேருந்து பறையர் வரைக்கும், யாரா இருந்தாலும், வழிப்போக்கர் எல்லாருக்கும் சோறு. சமைச்சது சாப்பிடாதவங்களுக்கு அரிசியும் சாமானும் தனியா. ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் போட்டுட்டு, கடைசியா மணி அடிச்சு, 'இன்னும் சாப்பிடாதவங்க யாராவது இருக்கீங்களா'ன்னு கூப்பிட்டுக் கேட்பாங்க. உடம்பு சரியில்லாதவங்களுக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும், குணமாகிற வரைக்கும். விஷக்கடிக்குத் தனி வைத்தியர். பிரசவத்துக்கு நிக்கிற பெண்களுக்கு அங்கயே பேறுகாலம் பார்க்கிறது. கைக்குழந்தைக்குப் பால். வழியில தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் இருந்தா வாத்தியார் பொறுப்புல விட்டு, மூணு வேளை சாப்பாடு போட்டு, நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி, விருப்பப்பட்ட பாடத்தைச் சொல்லிக் கொடுத்து, கடைசியில கல்யாணச் செலவையும் சத்திரமே ஏத்துக்கும்!

இதுல பாதியாவது எந்த அஞ்சு நட்சத்திர ஹோட்டல்லயாவது கிடைக்குமா, சொல்லுங்க.

உடனே 'அந்தக் காலம் பொற்காலம்'னு ஆரம்பிக்காதீங்க. எல்லாச் சத்திரமும் இப்படி இல்லை. சாதி பார்த்துப் பந்தி போட்ட சத்திரங்கள், ஒரு சாதிக்கு மட்டும்னே கட்டின சத்திரங்கள் தமிழ்நாட்டுல நிறைய. சரபோஜியோட கடிதமும் ஒரு ராஜா தன் சொத்தைக் காப்பாத்த எழுதினது. அதுல கொஞ்சம் சோப்பு இருக்கத்தான் செய்யும். ஆனாலும் அந்தக் கடைசி மணி இருக்கே... அதை மட்டும் என்னால மறக்க முடியலை. முத்தம்பாள் சத்திரம் பின்னாடி மாணவர் விடுதியாவும் இருந்திருக்கு. நம்ம சீனியர்ஸ்!

அதே வெள்ளைக்காரன் காலத்துல வந்த இன்னொரு ஐட்டம், முசாபரி பங்களா. முசாபர்னா உருதுல பயணி. நம்ம தாத்தாக்கள் வாயில் இன்னும் அந்தப் பேர் இருக்கும், இல்லைன்னா 'டி.பி.'ம்பாங்க, அதாவது டிராவலர்ஸ் பங்களா. தபால் போற ரூட்ல கம்பெனிக்காரங்க ஆரம்பிச்சது. ரெண்டு மூணு ரூம், சுத்தி வராந்தா, ஓட்டுக் கூரை, ஒரு பட்லர், ஒரு ரிஜிஸ்டர். முன்னாடி வந்தவர் 24 மணி நேரத்துக்கு மேல தங்கிட்டா, புதுசா வர்றவருக்கு இடம் விடணும்னு ரூல். துரைமாருக்கு இந்தப் பட்லர்கள் ஊத்திக் கொடுத்த மிளகுத்தண்ணிதான் 'முல்லிகட்டானி சூப்'னு லண்டன் மெனு கார்டுல ஏறிடுச்சு. பேர்தான் 'பயணி', ஆனா வந்து படுத்ததெல்லாம் பெரும்பாலும் கலெக்டர், தாசில்தார், இன்ஜினீயர். (ஆஹா, நம்ம டிபார்ட்மென்ட்!) இன்னிக்கும் அரசுப் பயணியர் மாளிகையில நீங்களும் நானும் நினைச்ச உடனே போய்ப் பையை வைக்க முடியாது. முன்அனுமதி வேணும்.

திருமயம் வந்தாச்சு. பஸ்லேருந்தே கோட்டை தெரியும். 1687-ல கிழவன் சேதுபதி கட்டினது. இறங்கி ஆட்டோ பிடிச்சா கடியாபட்டி.

முட்டை சாப்பிட்ட சுவர்

தெருவே வேற மாதிரி இருக்கும். ரெண்டு பக்கமும் கோட்டை மாதிரி வீடு, பாதிக்கு மேல பூட்டு. ஒரு காலத்துல பர்மா, மலேயா, சிலோன்னு வட்டிக்கடை வச்ச நகரத்தார் சம்பாதிச்சுக் கொண்டு வந்து கட்டின வீடுங்க. 1850-கள்ல ஆரம்பிச்சு 1940-கள் வரைக்கும் கட்டிக்கிட்டே இருந்தாங்க. 1942-ல ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சான், கதை மாறிடுச்சு. பணம் வர்ற வழி அடைஞ்சா அப்புறம் இவ்வளவு பெரிய வீட்டை யார் பெருக்கறது? நிறைய வீட்டை இடிச்சு, தேக்குத் தூணையும் கதவையும் தனித்தனியா வித்துட்டாங்க. காரைக்குடிப் பழம்பொருள் கடைகள்ல அந்தத் தூணெல்லாம் நிக்கும், வீடு இருக்காது.

தப்பிச்ச சில வீடுங்க விடுதியாச்சு. காரைக்குடியில 'பங்களா', கானாடுகாத்தான்ல 'விசாலம்', கடியாபட்டியில நாங்க போன 'சிதம்பர விலாஸ்'. நூறு வருஷத்துக்கு மேல ஆன வீடு. வாடகை? எங்க ஹாஸ்டல்ல ஒரு மாசம் மூணு வேளை சாப்பிடுற காசுக்கு மேலன்னு மட்டும் சொல்லிக்கிறேன். நம்ம பாக்கெட் மணிக்கு ஆகவே ஆகாது. ரிசப்ஷன்ல நாங்க ரெண்டு பேரும் காலேஜ் பேக்கோட நின்னப்போ, 'டெலிவரியா தம்பி'ன்னு கேட்டுடுவாங்களோன்னு பயந்தேன். கேட்கலை. வெல்கம் டிரிங்க்கே கொடுத்தாங்க.

செட்டிநாட்டு வீட்டைப் பத்தி சிவில் பசங்க கேட்டே ஆகணும். முன்னாடி திண்ணை, முகப்பு. உள்ள போனா நடுவுல வானம் தெரியுற வளவு, சுத்தி ரூம். அதைத் தாண்டி ரெண்டாம் கட்டு, அதுக்கும் பின்னாடி அடுப்படி. முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல! வளவுல சூடான காத்து மேல ஏறிப் போக, நிழல்ல இருக்கிற குளிர்ந்த காத்து ரூமுக்குள்ள இழுக்கப்படும். நாம தெர்மல்ல மண்டையை உடைச்சுக்கிட்டுப் படிக்கிற அதே கன்வெக்ஷன். வெளிய அனல் அடிச்சப்போ வளவுல சட்டைக்குள்ள காத்து புகுந்துச்சு. மழை பெய்ஞ்சா நாலு பக்கக் கூரைத் தண்ணியும் வளவுல விழுந்து, வடிகால் வழியா ஊருணிக்குப் போற மாதிரி ஊரையே டிசைன் பண்ணியிருக்காங்க. நாம 2000-களுக்கு அப்புறம் சட்டம் போட்டு மழைநீர் சேகரிச்சோம்!

தரையில ஆத்தங்குடிக் கல். அதைச் சுடறதே கிடையாது. கண்ணாடித் தகட்டு மேல சிமென்ட் வண்ணத்தை ஊத்தி, அதுக்கு மேல மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, தண்ணியில ஊற வைக்கிறாங்க. கண்ணாடியோட பளபளப்பு அப்படியே கல்லுல ஒட்டிக்கும். இந்த மாதிரி ஊர்க் கூட்டத்தையே 2014-ல யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல நம்ம நாடு சேர்த்திருக்கு.

எல்லாத்தையும் விட, சுவர். தொட்டுப் பார்த்தா மார்பிள்னு சத்தியம் பண்ணுவீங்க. மார்பிள் இல்லை, சுண்ணாம்பு. மணல், கடுக்காய்த் தண்ணி, கருப்பட்டி எல்லாம் சேர்த்து அரைச்சு, ஒண்ணு மேல ஒண்ணா பூசி, கடைசியில சிப்பிச் சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசுவாங்க. ஈரம் காயறதுக்குள்ள கூழாங்கல்லால தேய்க்கணும். மணிக்கணக்கா, நாள்கணக்கா தேய்க்கணும். காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடைக் குடிச்சுக் குடிச்சு அது மறுபடி கல்லாவே மாறிடும். பெயின்ட்டே தேவையில்லை, நூறு வருஷம் நிக்குது. எங்க ஹாஸ்டல் சுவர் போன மழைக்கே உரிஞ்சு தொங்குது, அதை விடுங்க.

ராத்திரி வாழை இலையில சாப்பாடு. வெள்ளைப் பணியாரத்தை நான் எத்தனைன்னு எண்ணலை. ரூம்மேட் எண்ணினானாம், பதினொண்ணு. சரி, அவன் மட்டும் ஏன் சாப்பிடாம எண்ணிக்கிட்டு இருந்தான்?

ரூமுக்கு வந்தப்புறம்தான் வாயைத் திறந்தான். பர்மாத் தேக்குக் கட்டில், ஏறிப் படுக்கவே ஸ்டூல் தேவைப்படுற உயரம். அதுல படுக்காம, சுவர்ல கையை வச்சுக்கிட்டு நின்னான்.

"எங்க அப்பத்தாவோட மாமனாரு சுண்ணாம்பு வேலைக்குப் போனவருடா. இந்தப் பக்கத்து ஊர்கள்ல செட்டியார் வீடு கட்டுறப்போ. எந்த ஊரு, எந்த வீடுன்னு யாருக்கும் தெரியாது. இந்தச் சுவரு இல்ல, இது மாதிரி ஒரு சுவரு. தேய்ச்சுத் தேய்ச்சு உள்ளங்கையில ரேகையே அழிஞ்சு போச்சாம். பின்வாசல்ல வரணும், பின்வாசல்ல போகணும். வீடு முடிஞ்சு பால் காய்ச்சினப்புறம் உள்ள கால் வைக்க முடியாதுன்னு அப்பத்தா சொல்லும்."

நான் என்ன சொல்றதுன்னு தெரியாம, "இப்போ அப்படி இல்லையேடா, நாமதான் உள்ள படுத்திருக்கோமே"ன்னேன். சொல்லும்போதே அசட்டுத்தனமாத்தான் இருந்தது.

"காசு குடுத்தது உன் பத்திரிகை"ன்னான். கோபமா சொல்லலை. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். "அந்த மலை மேல ஒருத்தன் கட்டில் செஞ்சான், பேரு போட்டுட்டாங்க. ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு நாம படிக்கிறோம். எங்க ஆளு நூறு வருஷம்கூட ஆகலை, எந்தச் சுவருன்னே தெரியலை."

எனக்கு இதுக்குப் பதில் தெரியலை நண்பர்களே. இந்த வீடு விடுதி ஆகலைன்னா இந்நேரம் இதோட தூணும் காரைக்குடிக் கடையில நின்னிருக்கலாம். அந்தச் சுவரும் மண்ணோட மண்ணாகியிருக்கும். அதனால பழைய வீட்டை வாங்கிப் புதுப்பிச்சு வாடகைக்கு விடுறவங்களைத் திட்ட எனக்கு மனசு வரலை. அதே நேரம், அந்தச் சுவரைத் தேய்ச்சவர் வீட்டுப் பையன் அதைத் தொட்டுப் பார்க்க யாரோ ரூம் வாடகை கட்ட வேண்டியிருக்கே. சுத்திப் பார்க்க மட்டுமாவது மாசத்துல ஒரு நாள் உள்ளூர்ப் பசங்களையும் ஆர்க்கிடெக்சர், சிவில் பசங்களையும் இந்த மாதிரி வீடுகள்ல விடலாம். பூசு வேலை தெரிஞ்ச பெரியவங்க இன்னும் ஊர்ல சிலபேர் இருக்காங்க. அவங்களையே கூப்பிட்டு வச்சுச் சொல்லச் சொல்லலாம். நாங்க மூணு வருஷத்துல சுண்ணாம்புக்குப் படிச்சது ரெண்டு பக்கம், சிமென்ட்டுக்கு ஒரு புத்தகம்.

மணி பத்தரை இருக்கும். அவன் வீட்டுக்கு போன் போட்டான். அப்பத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசணும்.

"எங்கப்பு இருக்க?"

"கடியாபட்டி அப்பத்தா. செட்டியார் வீட்டுல."

"அங்க என்ன வேலை உனக்கு? திண்ணையிலயா படுத்திருக்க?"

"இல்ல அப்பத்தா, உள்ள. மாடி ரூமு. கட்டில்ல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு பார்த்தான். கட்டாகலை.

"சாப்பிட்டியா?"

"சாப்ட்டேன்." (பொய். பணியாரத்தைத் தொடவே இல்லை.)

"செவுத்தைத் தொட்டுப் பாத்தியா? இன்னமும் வழுவழுன்னு இருக்கா?"

"இருக்கு அப்பத்தா. மொகம் தெரியுது."

"ம்... மாமா கை ராசி. செரி, போர்த்திக்கிட்டுப் படு. பெரிய வீடு, குளுரும்."

நிஜமாவே குளிர்ந்தது. கன்வெக்ஷன். அவன் எழுந்து கீழ போய், இன்னும் ரெண்டு பணியாரம் கிடைக்குமான்னு கேட்டு வாங்கிட்டு வந்தான். சமையல்கட்டுல அடுப்பு அணைச்சிருந்தாங்களாம், ஆனாலும் ஒரு அண்ணன் திரும்பப் பத்த வச்சு நாலாவே ஊத்திக் கொடுத்தார்.

காலையில ஆறரை மணி பஸ் பிடிச்சோம். எட்டரைக்கு சர்வேயிங் லேப், லேட்டானா அட்டெண்டன்ஸ் காலி. கிளம்பறப்போ ரெண்டு பேரும் முன்வாசல் வழியாதான் வந்தோம். ரூம்மேட் மட்டும் திரும்ப உள்ள போய், பின்வாசல் எந்தத் தெருவுல திறக்குதுன்னு பார்த்துட்டு வந்தான்.